வந்தவர்களுக்குக் காபி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் பெயர் குருவம்மாள். ஊர் சாத்தூர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. அதற்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டப் போய்விட்டேன். அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும். முகாம் ஆஸ்பத்திரியில் துக்கப்பட்டவர்களோடு பேசுவதற்கென்றே ஓர் அம்மா இருக்கிறார். மனதில் உள்ளதை உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதாக லதா சொன்னாள். லதா என் மருமகள். இந்த வாரம் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

என் மகன் கனிராஜ் ஆனி மாதக் கடைசியில் இறந்துபோனான்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதலாம்.

படிக்கத்தான் இந்த நாட்டுக்கு வந்தான். பட்டாளத்தில் சேர்ந்தால் சீக்கிரம் குடியுரிமை கிடைக்கும் என்று சேர்ந்தான். ஹெலிகாப்டர் மெக்கானிக். பழுது பார்ப்பவனும் கூடவே பறக்க வேண்டுமாம். சண்டை எதுவும் இல்லை. பயிற்சிக்குப் பறந்தபோது விழுந்துவிட்டது.

லதா உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுத்தான் மே மாதம் வந்தேன். பிள்ளை பிறப்பது டிசம்பர் கடைசியில். என் விசா நவம்பர் பாதியில் முடிகிறது. லதா மனு போட்டால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் கையால் எதைக் கொடுத்தாலும் அவள் சாப்பிடுவதில்லை. காலையில் இட்லி ஊற்றி வைத்தேன். ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

துணி துவைத்தேன். மழை.

செப்டம்பர் 3, புதன்

இந்த ஊருக்கு ஹாலோவே என்று பெயர். முகாம்தான் ஊருக்குச் சோறு போடுகிறது. பெரிய ரோட்டில் முடி வெட்டும் கடை, பச்சை குத்தும் கடை, பட்டாளத்துச் சட்டையில் பெயர் தைக்கும் கடை, அடகுக்கடை, மெத்தைக் கடை, திரும்பவும் முடி வெட்டும் கடை. மெத்தைக் கடை எதற்கு இத்தனை என்று வந்த புதிதில் கனியிடம் கேட்டேன். பட்டாளத்துக்காரன் ஊர் மாறும்போது மெத்தையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான் என்றான்.

நான் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் காடு இருந்தது. இப்போது செம்மண்தான். மரத்தை எல்லாம் தள்ளிவிட்டு வீடு கட்டுகிறார்கள். சுவர் முழுக்க மரச்சட்டம். தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை தரை போட்டால் அடுத்த மாதம் குடி வந்துவிடுகிறார்கள். தெருக்களுக்கு மரங்களின் பெயராக வைத்திருக்கிறார்களாம். வெட்டிய மரத்துக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு ரொண்டா சொன்னாள்.

ரொண்டாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பினத்துப் பெண். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. புருஷன் கர்ட்டிஸும் ஹெலிகாப்டர் ஆள்தான், கனியோடு வேலை பார்த்தவன். என்னை மாம்மா என்று கூப்பிடுவாள். அவள் இங்கிலீஷில் பேசினால் அவள் போன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி சொல்லும். நான் சாத்தூர் தமிழில் பேசினால் போனுக்குப் பாதி விளங்காது. இருந்தாலும் பேசிக்கொள்கிறோம்.

அவளுக்கு என் காபி மேல் ஆசை. ஜூன் மாதம் குடித்திருக்கிறாள். சர்க்கரை கூடுதலாகப் போட வேண்டும். இன்றைக்கும் கேட்டாள். பில்டர் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

பில்டர் உடையவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கனியின் சாமான்களை எடுத்துக்கொண்டு முகாமிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். மணி அடித்ததும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் போகும்வரை வெளியே வரவில்லை. லதாவே தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். முட்டு வலி, எழுந்து வர முடியவில்லை என்றேன்.

பெட்டியில் இரண்டு ஜோடி பூட்ஸ், ஒரு கடிகாரம், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டில். முக்கால் பாட்டில் காலி. அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு அதற்காக அழுதேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அவனுடைய அப்பாவுக்கு வருஷா வருஷம் வைப்பேன். இந்த வருஷம் இரண்டு இலை. பின்வேலிக் கட்டையில் சோறு வைத்தேன். காக்கா வந்தது, நம் ஊர்க் காக்காவை விடப் பெரிது. புது வீட்டுக் கூரையில் ஆணி அடிக்கிற மெஷின் சத்தம் கேட்டதும் பறந்துவிட்டது. அணில் வந்து தின்றது. அணிலும் ஓர் உயிர்தானே என்று விட்டுவிட்டேன்.

லதா ஜன்னலில் நின்று பார்த்தாள். இலையில் மிச்சம் இருந்த வடையை எடுத்துத் தின்பாளோ என்று தட்டை மேஜையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் நான்தான் எடுத்து மூடினேன்.

அக்டோபர் 2, வியாழன்

லதா சொன்னாள்:

"அத்த, உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. நவம்பர் பதினாலு."

சரிம்மா என்றேன்.

"அவரையும் நீங்களே கொண்டுபோயிருங்க. ராமேஸ்வரத்துல கரைச்சிரலாம். கைப்பெட்டில வச்சுக்கலாமாம், பேப்பர் தாரேன்."

சரிம்மா என்றேன்.

அலமாரியில் ஒரு செம்பில் இருக்கிறான். அவனை எடுத்துக்கொண்டு, அவன் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பிரசவத்துக்கு அவளோடு யார் இருப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனாருக்கு விசா கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் நான் இருக்கக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் ரொண்டா வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். கர்ட்டிஸ் மழைத்தண்ணீர் வடிகிற தகரக் குழாயைக் கூரையில் மாட்டுகிறேன் என்று ஏணியில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ரொண்டா கீழே இருந்து கேலி பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்று போன் சொன்னது: "ஹெலிகாப்டரைப் பழுது பார்ப்பவரால் ஒரு குழாயை மாட்ட இயலவில்லை." நானும் சிரித்துவிட்டேன்.

அப்போது தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் கார் திரும்பியது. மெதுவாக வந்தது. உள்ளே இரண்டு பேர், பட்டாளத்து உடுப்பு. ரொண்டாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. வலித்தது. ஏணி மேல் இருக்கிற புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள், அவன் அங்கேதான் இருக்கிறான் என்று பார்ப்பது மாதிரி. கார் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. வீடு பார்க்க வந்தவர்களாம்.

அதற்குப் பிறகு அவள் சொன்னாள். போன் செய்தி வாசிக்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னது. இரண்டு பேர், நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தால் அது ஒரே ஒரு செய்திக்குத்தான். இந்த ஊரில் அது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். "அந்த வண்டி வந்தால் நாங்கள் வீடுகளை எண்ணுவோம். எங்கள் வீட்டைத் தாண்டட்டும் என்று வேண்டுவோம். பிறகு வேண்டியதற்காக வெட்கப்படுவோம். கதவைத் திறக்காதவரை அவர் உயிரோடு இருக்கிறார்."

லதாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவளுக்கு நான்தான் சொன்னேன் என்றாள் ரொண்டா.

சோறு வடிக்கவில்லை. படுத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

கனி பயிற்சிக்காக வேறு மாநிலத்துக்குப் போயிருந்தான். "சேவு போட்டு வைம்மா, வெள்ளிக்கிழமை வந்துருவேன்" என்று போனில் சொல்லியிருந்தான். மத்தியானம் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. இரண்டு பேர். பெரியவர் ஒருத்தர், இளவட்டம் ஒருத்தர். கறுப்புக் கோட்டு, மார்பில் பட்டை பட்டையாக மெடல், பூட்ஸில் முகம் பார்க்கலாம். இளையவரின் கோட்டில் சின்னச் சிலுவை.

கனிக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மிஸஸ் ராஜ் என்று பெரியவர் கேட்டார். மருமகளைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, ஒர்க், கமிங் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது. என்னைக் காட்டி, மதர் என்றேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் திரும்பிப் போகப் பார்த்தார். நான் இளையவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதுவும் மகனுடைய ஆபீசர்கள்.

சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். காபி போட்டேன். புதுச் சேவு தட்டில் வைத்தேன். பெரியவர் தொடவில்லை. எழுந்திருப்பார், நான் கையைக் காட்டுவேன், உட்காருவார். இளையவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சேவு எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. காரம் தாங்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுத்து வந்தேன். கனியின் சின்ன வயசுப் படங்களை எடுத்துக் காட்டினேன். அரை டிரவுசரோடு நிற்கிற கனி, மொட்டை போட்ட கனி. அவர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

அப்புறம் லதா வந்தாள். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"வா, வா, கனியோட ஆபீசருக வந்திருக்காக. உன்னையத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக" என்றேன்.

லதா என் கையிலிருந்த தட்டைத்தான் பார்த்தாள்.

பெரியவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மனப்பாடம் செய்தது மாதிரி நேராகச் சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை எனக்கு. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் சிரித்த முகமாகத்தான் நின்றிருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நமக்கு இந்த வருஷம் கிடையாது.

லதாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். காலை வைத்தாள். அந்தமட்டும் சந்தோஷம். கீழே உட்கார்ந்து, எனக்கு அந்தக் கார் விஷயம் தெரியாது தாயி, தெரிந்திருந்தால் உள்ளே விட்டிருப்பேனா என்றேன். இத்தனை நாளில் அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

லதா சொன்னாள்:

"நான் தெருமுனையிலேயே காரைப் பார்த்துட்டேன் அத்த. ரொண்டா வீட்டுக்கிட்ட என் வண்டிய நிறுத்திட்டு இறங்கல. அங்கேயே இருந்துருவோம், உள்ள போகவே கூடாதுனு இருந்தேன். அப்ப நம்ம ஜன்னல் வழியா நீங்க தெரிஞ்சீக. சிரிச்சுக்கிட்டு இருந்தீக. கையில தட்டு. அவுகளும் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. அப்ப இது அது இல்ல, வேற ஏதோனு நம்பிட்டேன். அவ்வளவு நிம்மதியா வந்தேன். ஓடி வந்தேன் அத்த."

காலை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சிரிச்சுத்தான் என்னைய உள்ள கூப்பிட்டீக."

பேசினில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து படுத்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நவம்பர் 1, சனி

பெட்டி கட்டினேன். சேலைக்கு நடுவில் செம்பை வைத்துப் பார்த்தேன். அசையாமல் இருக்கிறது. குழந்தைக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளித் தண்டையை லதாவின் அலமாரியில் வைத்துவிட்டேன். எனக்காக இல்லை, அவன் பிள்ளைக்காக வாங்கிக்கொள்வாள்.

நவம்பர் 5, புதன்

கர்ட்டிஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறான். தகரக் குழாய் இன்னும் ஒரு பக்கம் தொங்குகிறது.

நவம்பர் 10, திங்கள்

மத்தியானம் முன்ஜன்னலில் நின்று வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கார் வந்தது. கறுப்பு. மெதுவாக. நானும் எண்ணினேன். எங்கள் வீட்டில் இனி பட்டாளத்துக்காரன் யாரும் இல்லை, இருந்தும் எண்ணினேன். ரொண்டா வீட்டு முன்னால் நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். மணி அடித்தார்கள். ரொண்டா கடைக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ரோட்டைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் எப்போது வருவாள் என்று கேட்கத்தான் வந்திருப்பார்கள். மணி அடித்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை. அந்தப் பக்கம் ஒருத்தர் தொண்டையைச் செருமுவது கேட்டது. திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்கள்.

பின்கதவில் தட்டுகிற சத்தம்.

ரொண்டா. பாதம் முழுக்கச் செம்மண். தெருமுனையிலேயே காரைப் பார்த்துவிட்டு, பின்னால் வீடு கட்டுகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, சேற்றில் நடந்து வேலிச் சந்து வழியாக வந்திருக்கிறாள். கையில் பால் கேன். கடையிலிருந்து வாங்கியது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நான்தான் வாங்கி மேஜையில் வைத்தேன்.

போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, காபி என்றாள்.

அலமாரியைத் திறந்து பில்டரை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை. டிக்காஷன் இறங்க நேரமாகும். இன்றைக்கு அது நல்லதுதான் என்று நினைத்தேன். பாலை அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்தேன். எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன்.

அன்றைக்கு அந்த இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது என் மகன் எனக்கு உயிரோடுதான் இருந்தான். மொட்டை போட்ட படத்தைக் காட்டி அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த இளையவர் சேவு மென்றுகொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார். இதை இத்தனை நாளாக நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ரொண்டாவுக்கு நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். போன் இல்லாமல் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். கர்ட்டிஸ். குறட்டை; மூக்கால் செய்து காட்டினாள். ஏணி. தகரக் குழாய். ஒரு நாள் குழாயோடு சேர்ந்து விழுந்திருக்கிறான் போல. சொல்லும்போதே சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தோம்.

அப்போது லதா வந்துவிட்டாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வெளியே காரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். மேஜையில் டம்ளர், சிரிக்கிற இரண்டு பேர். எனக்கு உயிரே போய்விட்டது. தட்டை எங்கே மறைப்பது என்று தேடினேன். தட்டு எதுவும் என் கையில் இல்லை.

லதா பையைக் கீழே வைத்தாள். ரொண்டாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். விழுந்த பிறகு என்ன செய்தார் என்று கேட்டிருப்பாள். ரொண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

"அத்த, எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள் லதா, என் பக்கம் திரும்பாமலே.

ஊற்றினேன். குடித்தாள்.

யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ரொண்டா கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அடியில் நின்ற சர்க்கரையை விரலால் வழித்துத் தின்றாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். செம்மண் பட்ட பாதத்தை என் மிதியடியில் துடைத்துக்கொண்டாள்.

முன்கதவைத் திறந்தது லதாதான். கூடவே ரோட்டைக் கடந்து போனாள். காரிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள்.

நான் ஜன்னலுக்குப் போகவில்லை. சத்தம் இங்கு வரைக்கும் கேட்டது.

நவம்பர் 13, வியாழன்

நேற்றும் இன்றும் லதா ரொண்டா வீட்டில்தான். இப்போது வந்து குளித்தாள். ரசம் சாதம் வைத்தேன், சாப்பிட்டாள். பிறகு என் அறைக்கு வந்து, கட்டிய பெட்டியைத் திறந்தாள். சேலைகளை விலக்கிச் செம்பை எடுத்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"பிள்ள ஒரு தடவ பாத்துக்கிடட்டும் அத்த. அப்புறம் மூணு பேருமா கொண்டுபோவோம். மனு போட்டாச்சு. பதில் வார வரைக்கும் நீங்க இருக்கலாமாம்."

சரிம்மா என்றேன். என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். சேவு இருந்த டப்பாவை அவள் இன்னும் தொடுவதில்லை. நானும் அதைத் திறப்பதில்லை.

எதிர்வீட்டு வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரிலிருந்து அவள் ஆட்கள் வந்திருக்கிறார்கள், நிறையக் கார். தகரக் குழாய் அப்படியே தொங்குகிறது. பின்னால் புது வீட்டுக்குக் கதவு மாட்டுகிறார்கள்.

டிக்காஷனுக்கு இப்போதே தூள் போட்டு வைத்துவிட்டேன். காலையில் ரொண்டாவுக்குக் கொண்டுபோக வேண்டும். சர்க்கரை கூடுதலாக.